செய்தித்தாள் எண்களை ஆராய்ந்து கொள்ளுதல்

அறிவு பெறும் வழிகளை நம் தருக்க நூலார் அளவை என்னும் பெயரால் வழங்கினர். காட்சி, கருதல், உரை என அவற்றை மூன்றாகத் தொகுத்துரைப்பது சித்தாந்த மரபு. கண்ணாற் கண்டறிவது காட்சி. கண்டதொன்றைக் கொண்டு காணாததொன்றைத் துணிவது கருதல். நம்பத்தக்கார் சொல்லக் கேட்டறிவது உரை. நெல்லையும் நிலத்தையும் அளப்பதற்குரிய அளவை என்னும் சொல்லே அறிவின் வாயில்களுக்கும் பெயராயிற்று என்பது சிந்திக்கத்தக்கது. அளந்து பாராத எதனையும் அறிந்ததாகக் கொள்ளலாகாது என்பது அதன் குறிப்பாகலாம்.

நாடோறும் செய்தித்தாளை விரித்தவுடன் எண்கள் நம்முன் வந்து குவிகின்றன. இத்தனை பேர் நோயுற்றனர், இத்தனை வீதம் விலை கூடிற்று, சராசரி வருமானம் இவ்வளவு என அவை வரிசையாக நிற்கும். ஒருவர் 'விலைவாசி மிகக் கூடிவிட்டது' என்றால் நாம் அவரோடு வாதிடுவோம். 'நூற்றுக்கு இத்தனை வீதம் கூடிவிட்டது' என்றால் வாய் மூடிவிடுகின்றோம். எண் நேரிற் கண்ட பொருள் போலத் தோன்றுவதே அதற்குக் காரணம். உண்மையிலோ செய்தித்தாளில் வரும் எண் காட்சியளவையன்று, உரையளவையே. யாரோ ஒருவர் ஒரு வினாவை எழுப்பி, ஏதோவொரு முறையால் எண்ணி விடை காண்கின்றார். அவ்விடையை மற்றொருவர் சுருக்குகின்றார். இன்னொருவர் தலைப்பாக்கி நம்மிடம் சேர்க்கின்றார். விடை வந்து சேர்கின்றது. வினாவோ வழியில் உதிர்ந்து போகின்றது. உதிர்ந்த வினாவை மீட்டெடுத்து, விடையை அதனோடு பொருத்திப் பார்ப்பதே எண்ணை ஆராய்தலாகும். இதற்கு உயர்ந்த கணிதம் வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தலும் சிறிது பொறுமையும் போதும். இக்கருத்தை உண்மை நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கொண்டு விளக்க முயல்வோம்.

முதலில் நம் நாட்டு வரலாற்றில் மறக்கலாகாத ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். அது 17 என்பது.

1934 ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. ஓடும் ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. அக்குட்டைகளில் மலேரியாவைப் பரப்பும் நுளம்புகள் பெருகின. 1934 இன் இறுதியிலும் 1935 இலும் இலங்கையைப் பீடித்த அக்கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், டி. டி. ரி. என்னும் மருந்தை வீட்டுச் சுவர்களிலே தெளிக்கும் பணி நாடெங்கும் தொடங்கிற்று. நோய் ஆண்டுக்காண்டு குறைந்தது. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் கண்டுபிடிக்கப்பட்ட மலேரியா நோயாளர் தொகை 17 மாத்திரமே. நாடெங்கும் இலட்சக்கணக்கானோரை வருத்திய நோய் பதினேழு பேரளவிற்குச் சுருங்கியது வியக்கத்தக்க வெற்றி என்பதில் ஐயமில்லை.

அக்காலத்தில் உலகெங்கும் கைக்கொள்ளப்பட்ட ஒழிப்புத் திட்டத்தின்படி, நோய் இவ்வளவு குறைந்ததும் மருந்து தெளித்தல் நிறுத்தப்பட வேண்டும். அவ்வாறே 1964 இல் இங்கும் நிறுத்தப்பட்டது. அதன்பின் நோய் மெல்லத் தலையெடுத்து, 1968 இல் கொள்ளைநோயாக வெடித்தது. 1969 ஆம் ஆண்டில் மாத்திரம் பதிவான நோயாளர் தொகை ஐந்து இலட்சத்து முப்பத்தேழாயிரத்துக்கு மேற்பட்டது. ஆறு ஆண்டுகளில் 17 என்பது 537,000 ஆயிற்று.

அவ்வாறாயின் 17 என்னும் எண் பொய்யா? பொய்யன்று. அஃது ஒரு வினாவுக்கு உண்மையான விடை. 'இவ்வாண்டிலே எத்தனை நோயாளர் கண்டுபிடிக்கப்பட்டனர்?' என்பதே அவ்வினா. அதனைப் படித்தோர் மனத்தில் எழுந்ததோ வேறு வினா: 'இந்நோயினால் இனி நமக்கு எவ்வளவு ஆபத்து?' முதல் வினாவின் விடையை இரண்டாம் வினாவுக்கு உரியதாகக் கொண்டமையே பிழை. நோயாளர் குறைந்தனரேயன்றி நுளம்பு அழிந்துவிடவில்லை. வறட்சியில் ஆறுகள் குட்டையாகும் இயல்பும் மாறவில்லை. இரத்தினக்கல் அகழும் இடங்களை நாடிப் பல ஊர்களிலுமிருந்து மக்கள் போவதும் வருவதுமாயிருந்தனர். அவர்களோடு நோயும் பயணஞ் செய்தது. நோயே காணாது வளர்ந்த சிறுவர் உடலில் அதனை எதிர்க்கும் வலியும் இல்லை. இவற்றுள் ஒன்றையேனும் 17 என்னும் எண் அளக்கவில்லை. ஆதலின் எண்ணொன்றைக் கண்டவுடன் எழுப்ப வேண்டிய முதல் வினா, 'எது எண்ணப்பட்டது?' என்பதாகும்.

இதே நிகழ்ச்சி பிற நாட்டார் எழுத்துகளிலும் இடம்பெறுகின்றது. அவற்றுட் சிலவற்றில் 1968, 1969 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் 25 இலட்சம் பேர் மலேரியாவுற்றனர் எனக் காணப்படும். பதிவேடுகளின்படி அவ்விரண்டாண்டுத் தொகையையும் கூட்டினும் பத்து இலட்சம் ஆகாது. பதிவான தொகை வேறு. மதிப்பிடப்பட்ட தொகை வேறு. காய்ச்சல் கண்டவரெல்லாம் வைத்தியசாலைக்குப் போவதில்லை. போனவரெல்லாம் பதிவேட்டில் ஏறுவதும் இல்லை. ஆதலின் மெய்த்தொகை பதிவைவிடப் பெரியதாயிருத்தல் இயல்பே. ஆயினும் 17 என்பதைப் பதிவேட்டிலிருந்தும் 25 இலட்சம் என்பதை மதிப்பீட்டிலிருந்தும் எடுத்து, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஒப்பிடுவது முறையாகாது. ஒரு தட்டிலே படிக்கல்லும் மறு தட்டிலே கைப்பிடியளவும் வைத்து நிறுப்பதற்கு அஃது ஒப்பாகும்.

அவ்வெழுத்துகளுட் சில இன்னும் ஒரு படி சென்று, டி. டி. ரி. தடைசெய்யப்பட்டமையாலேயே நோய் மீண்டது எனக் கூறும். இங்கு ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தலே போதும். இலங்கையில் தெளித்தல் நின்றது 1964 இல். கொள்ளைநோய் வந்தது 1968 இல். ஐக்கிய அமெரிக்கா அம்மருந்தைத் தடைசெய்ததோ 1972 இலேயே. 1964 இல் நிறுத்தியது தடையாலன்று. வெற்றி கைகூடிற்று என்னும் நம்பிக்கையாலாகும். கொள்ளைநோய் வந்தபின் 1968 இல் தெளித்தல் மீளத் தொடங்கப்பட்டபோது, நுளம்புகள் அம்மருந்துக்கு அஞ்சாத வலிமை பெற்றுவரலாயின. எண்கள் சரியாயிருந்தும் அவற்றை இணைத்துச் சொல்லும் கதை பிழையாகலாம் என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டாவது வினா, 'எத்தனையில் இத்தனை?' என்பது. இதனைக் கேளாதொழிந்தமையால் விளைந்த கேட்டினைப் பிரித்தானியாவில் காண்கின்றோம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், மருந்துகளின் பாதுகாப்பை ஆராயும் குழு அங்கே ஓர் எச்சரிக்கை விடுத்தது. புதியவகைக் கருத்தடை மாத்திரைகளை உட்கொள்ளும் பெண்களுக்குக் குருதிக்குழாய்களில் குருதி உறையும் அபாயம் இரு மடங்காகும் என்பது அதன் கருத்து. செய்தித்தாள்கள் 'நூற்றுக்கு நூறு வீதம் கூடுதல்' என எழுதின. பெண்கள் அஞ்சி மாத்திரைகளைக் கைவிட்டனர். இரு மடங்கு என்றது உண்மையே. பழைய மாத்திரையில் ஏழாயிரம் பெண்களுள் ஒருவருக்கு நேர்ந்த கேடு, புதிய மாத்திரையில் ஏழாயிரவருள் இருவருக்கு நேர்ந்தது. ஒன்று இரண்டானால் நூறு வீதக் கூடுதல்தான். ஆயினும் ஒரு பெண்ணைப் பொறுத்தவரை கூடிய ஆபத்து ஏழாயிரத்தில் ஒரு பங்கு மாத்திரமே.

விளைவு என்னாயிற்று? அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் கருச்சிதைவுகள் ஏறத்தாழ 13,000 கூடின என மதிப்பிடப்பட்டது. அன்றியும் கருவுற்ற நிலையில் குருதி உறையும் அபாயம், அம்மாத்திரையால் வருவதிலும் பெரிது. அபாயத்துக்கு அஞ்சியோடியவர் அதனினும் பெரிய அபாயத்தின் வாயிலில் சென்று நின்றனர். 'இரு மடங்கு' என்னும் சொல்லுக்குப் பக்கத்தில் 'ஏழாயிரத்தில் ஒன்று, ஏழாயிரத்தில் இரண்டு' என்னும் சொற்களும் அச்சாகியிருப்பின் இத்துன்பத்திற் பெரும்பகுதி நேர்ந்திராது. மடங்கு, வீதம் என்னும் சொற்களைக் காணுந்தோறும், எதன் மடங்கு, எதன் வீதம் என அடித்தொகையைத் தேடுதல் வேண்டும். அடித்தொகை சிறிதாயின் வீதம் மலைபோல் தோன்றும். அடித்தொகை பெரிதாயின் மலையளவு மாற்றமும் சிறு வீதத்துள் மறைந்து நிற்கும்.

மூன்றாவதாகச் சராசரி என்பதனை நோக்குவோம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019 ஆம் ஆண்டில் நடத்திய குடும்ப வருமான, செலவின அளவீட்டின்படி, இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. அதனைப் படித்த ஆசிரியர் ஒருவர், 'நடுத்தரக் குடும்பமொன்றுக்கு எழுபத்தாறாயிரம் வருகின்றதே. என் குடும்பம் மாத்திரம் ஏன் பின்தங்கிற்று?' என மனம் நொந்திருக்கலாம். அதே அளவீடு மற்றோர் எண்ணையும் தந்தது. அஃது இடையம், அதன் அளவு 53,333 ரூபா. எல்லாக் குடும்பங்களையும் வருமானத்தின்படி வரிசையாக நிறுத்தினால் சரிநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமே இடையம். நாட்டுக் குடும்பங்களுட் சரிபாதி அவ்வாண்டில் 53,333 ரூபாவுக்கு மேற்படாத வருமானத்திலேயே வாழ்ந்தன என்பது இதன் பொருள்.

இரண்டுக்கும் இடையே 23,000 ரூபாவுக்கு மேலான வேறுபாடு எங்ஙனம் வந்தது? ஓர் ஒழுங்கையில் ஐந்து வீடுகள் உள்ளன எனக் கொள்வோம். நான்கு வீடுகளில் மாத வருமானம் நாற்பதினாயிரம். ஐந்தாம் வீட்டில் மூன்று இலட்சத்து நாற்பதினாயிரம். கூட்டினால் ஐந்து இலட்சம். ஐந்தாற் பிரித்தால் சராசரி ஓர் இலட்சம். அவ்வொழுங்கையில் ஓர் இலட்சம் பெறும் வீடு ஒன்றேனும் இல்லை. இடையமோ நாற்பதினாயிரம், அதுவே பெரும்பான்மையோர் நிலையைக் காட்டுவது. செல்வம் ஒருபால் குவிந்துள்ள இடத்தில் சராசரி எப்போதும் உயர்ந்தோர் பக்கமே இழுபடும். ஆதலின் வருமானம், நிலம், சொத்து ஆகியவற்றின் சராசரியைக் கண்டால் இடையம் யாது எனக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே ஒரு செய்தி. பல வேளைகளில் அதுவே பெரிய செய்தி.

நான்காவது, மாற்றத்தின் வேகத்தையும் நின்ற நிலையையும் மயங்கக் கொள்ளாமை. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை நம்முள் மறந்தவர் எவருமிலர். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதமாக உச்சத்தை அடைந்தது. ஓராண்டு கழித்து, 2023 செப்டெம்பரில் அது 1.3 வீதம் எனச் செய்தி வந்தது. அதனைக் கேட்ட பலர், 'பணவீக்கம் இறங்கிவிட்டதாமே, கடையில் விலை இறங்கவில்லையே' என வியந்தனர். சிலர் திணைக்களத்தையே ஐயுற்றனர். இங்கே எண்ணில் குற்றமில்லை. எண் எதனைக் குறிக்கின்றது என்பதில்தான் மயக்கம். பணவீக்கம் என்பது விலையன்று. விலை ஏறும் வேகம். 2021 செப்டெம்பரில் நூறு ரூபாவுக்குப் பெற்ற பண்டங்கள் 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 170 ரூபாவாயின. அந்த 170 இன்மேல் 1.3 வீதம் ஏற, 2023 செப்டெம்பரில் ஏறத்தாழ 172 ரூபாவாயின. மலையேறுபவன் நடையைத் தளர்த்தினான் என்பதற்காக அவன் அடிவாரத்துக்கு மீண்டுவிட்டான் என்று கொள்ளலாகாது. சம்பளம் நூறாக நின்ற குடும்பத்துக்கு 1.3 என்னும் எண் ஆறுதல் தரவில்லை. அதனை ஆண்டு வேண்டியது 172 என்னும் எண்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு மயக்கமும் உண்டு. வட்டி வீதம் 10 இலிருந்து 15 ஆனால் 'ஐந்து வீதம் கூடிற்று' எனவும் எழுதலாம். 'ஐம்பது வீதம் கூடிற்று' எனவும் எழுதலாம். முன்னையது வீதப் புள்ளிகளின் வேறுபாடு. பின்னையது பழைய வீதத்தோடு ஒப்பிட்ட கூடுதல். இரண்டும் கணிதத்தால் சரியே. எழுதுபவர் தம் நோக்கத்துக்கு ஏற்றதைத் தெரிந்துகொள்ளக்கூடுமாதலின், படிப்பவர் இரண்டையும் கணித்துப் பார்த்தல் நன்று.

ஐந்தாவது வினா, 'எண்ணப்பட்டோர் யாவர்? விடுபட்டோர் யாவர்?' என்பது. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் யாழ்ப்பாண மாவட்டத்து மக்கள் 830,552 பேர். 2012 ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 584,000 பேர். இரண்டையும் கழித்து, 'மாவட்டம் இரண்டரை இலட்சம் மக்களை இழந்தது' என எழுதுவது எளிது. ஆயின் 1981 இல் யாழ்ப்பாண மாவட்டம் என்றது கிளிநொச்சியையும் உள்ளடக்கியதாகும். கிளிநொச்சி தனி மாவட்டமாக்கப்பட்டது 1984 இல். இன்றைய எல்லைக்குள் அடங்கும் பகுதியின் 1981 ஆம் ஆண்டுத் தொகை 738,788. ஆகவே சரியான ஒப்பீட்டில் குறைவு ஏறத்தாழ 155,000. போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் விளைத்த அவ்விழப்பு எவ்வகையிலும் சிறிதன்று. மெய்யான இழப்பைச் சொல்வதற்கு மிகையான எண் வேண்டியதில்லை. மிகைபடச் சொன்னால், பிழையைக் கண்டுபிடித்தவன் மெய்யையும் சேர்த்து மறுப்பான்.

இவ்விரண்டு கணக்குகளுக்கும் இடையில் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. 1991 இல் நடைபெற்றிருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவேயில்லை. 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 25 மாவட்டங்களுள் 18 இல் மாத்திரமே முழுமையாக நிறைவேறிற்று. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள ஏனைய ஏழு மாவட்டங்களில் முற்றுப்பெறவில்லை. ஆதலின் அவ்வாண்டின் தொகையொன்றைக் காட்டி 'இலங்கையில்' எனத் தொடங்கும் வாக்கியத்தைக் கண்டால், அவ்விலங்கையுள் நாம் இருந்தோமா எனக் கேட்டல் நமக்கு உரிமை மாத்திரமன்று, கடமையுமாகும். எண்ணப்படாதோர் இல்லாதோரல்லர். பாடசாலைக்கு ஆசிரியரும் வைத்தியசாலைக்கு மருந்தும் எண்ணிக்கையைக் கொண்டே பங்கிடப்படும்போது, விடுபட்ட எண்ணிக்கை வெறுந்தாளிற் காணும் குறையன்று; வயிற்றிலும் உடலிலும் உணரப்படும் குறையாகும்.

விடுபட்டோரைக் கருதாமையால் வந்த பிழைக்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டொன்று அமெரிக்காவில் உண்டு. 1936 ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலின்போது 'லிற்றறறி டைஜஸ்ற்' என்னும் வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு அட்டைகள் அனுப்பி, எவருக்கு வாக்களிப்பீர் எனக் கேட்டது. ஏறத்தாழ 23 இலட்சம் அட்டைகள் திரும்பின. அவற்றை எண்ணி, லண்டன் என்பவர் 57 வீதத்தோடு வெல்வார், ரூஸ்வெல்ற் 43 வீதத்தோடு தோற்பார் என அறிவித்தது. தேர்தலிலோ ரூஸ்வெல்ற் 60 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்று, 48 மாநிலங்களுள் 46 இல் வென்றார். அவ்விதழ் முகவரிகளைத் தொலைபேசி ஏடுகளிலிருந்தும் மோட்டார் வண்டி உரிமையாளர் பட்டியல்களிலிருந்தும் பெரும்பாலும் எடுத்திருந்தது. பொருளாதார மந்தம் நிலவிய அக்காலத்தில் தொலைபேசியும் வண்டியும் உடையோர் வசதியுள்ளோர். அன்றியும் கேட்கப்பட்டோருள் நாலில் ஒரு பங்கினரும் விடை அனுப்பவில்லை. அனுப்பியோர் அனுப்பாதோரைப் போன்றவரல்லர். அதே தேர்தலில் ஜோர்ஜ் கலப் என்பார் ஏறத்தாழ 50,000 பேரைக் கேட்டு, வெல்பவர் ரூஸ்வெல்ற்றே எனச் சரியாகக் கூறினார். ஒரு பானைச் சோற்றின் பதத்தை அறிய ஒரு சோறு போதும் என்பது நம்மவர் கண்டது. ஆயின் பானையை நன்றாகக் கிளறியிருத்தல் வேண்டும். மேலே மிதப்பதையே அகப்பையால் எத்தனை முறை அள்ளினும் அடியில் உள்ளது தெரியாது.

ஆறாவதும் இறுதியானதுமான வினா, 'இதனால்தான் இது நிகழ்ந்தது என்பது எப்படித் தெரியும்?' என்பது. இதற்கு மீண்டும் நம் நாட்டு மலேரியாவிடமே செல்வோம். 1946 இல் இலங்கையில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 இல் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. ஓர் ஆண்டில் இத்தகைய வீழ்ச்சி உலகையே வியக்கச் செய்தது. டி. டி. ரி. தெளித்தல் பரவிய காலமும் அதுவே. ஆகவே வீழ்ச்சி முழுவதும் அம்மருந்தால் விளைந்தது என உலகெங்கும் எழுதப்பட்டது.

பின்னர் ஆராய்ந்தோர் ஓர் எளிய கேள்வியை எழுப்பினர். மலேரியா மிகுந்த மாவட்டங்களிலே மாத்திரமா இறப்புக் குறைந்தது? அந்நோய் அரிதாகவே கண்ட மாவட்டங்களிலும் குறைந்தது. மிகுந்த இடங்களில் கூடுதலாகக் குறைந்தது. போர் முடிந்தபின் உணவு நிலை சீர்ப்பட்டமை, கிராமப்புற வைத்தியசாலைகள் பெருகியமை, புதிய மருந்துகள் வந்தமை ஆகியனவும் தம் பங்கைச் செய்தன. இவற்றிலிருந்து மலேரியாத் தடுப்பின் பங்கைப் பிரித்தெடுக்க முயன்ற அறிஞர்களுள், பீற்றர் நியூமன் போருக்குப் பிந்திய இறப்பு வீழ்ச்சியில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேற்பட்டதை அதற்கு உரியதாக்கினார். 1974 இல் ஆராய்ந்த றொனால்ட் கிறே நாலில் ஒரு பங்குக்கும் குறைவானதையே உரியதாக்கினார். இருவரும் மருந்தின் பயனை மறுக்கவில்லை. 'எல்லாம்' என்னும் சொல்லின் இடத்தில் ஓர் அளவை வைத்தனர். அளவைப் பற்றி மாறுபட்டனர். இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே நிகழ்ந்தமை ஒன்றற்கு மற்றொன்று காரணமென்பதற்குச் சான்றாகாது. காரணமேயாயினும் முழுக் காரணமென்பதற்குச் சான்றாகாது. மருந்து நில்லாத இடத்தில் என்ன நிகழ்ந்தது என்று பார்த்தலே அங்கு உண்மையைக் காட்டிற்று.

இத்துணையும் கூறியதைக் கேட்டு, 'புள்ளிவிபரங்கள் யாவும் பொய். ஒன்றையும் நம்பற்க' என எவரேனும் முடிவு செய்வாராயின், அஃது இக்கட்டுரையின் கருத்துக்கு நேர்மாறாகும். எல்லா எண்ணையும் நம்புபவனும் ஒன்றையும் நம்பாதவனும் ஒரே சோம்பலின் இரு பிள்ளைகள். ஆராயும் தொல்லையை இருவரும் தவிர்த்துவிட்டனர். எண்களை முற்றாகத் தள்ளிவிட்டால் உரக்கப் பேசுபவன் சொல்லே உண்மையாகிவிடும். மேலே சொன்ன பிழைகள் ஒவ்வொன்றும் வேறோர் எண்ணாலேயே திருத்தப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். சராசரியின் மயக்கத்தை இடையம் தீர்த்தது. 'இரு மடங்கு' என்னும் அச்சத்தை ஏழாயிரம் என்னும் அடித்தொகை தீர்த்தது. ஒரு கோடி அட்டையின் பிழையை ஐம்பதினாயிரம் பேரின் விடை தீர்த்தது.

மலேரியாவின் கதையும் 1969 உடன் முடியவில்லை. பல்லாண்டு உழைப்பின்பின், 2012 ஒக்டோபருக்குப் பிறகு இந்நாட்டிலேயே நுளம்புவழி நோயுற்ற ஒருவரும் காணப்படாமையால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. அவ்வெற்றி மருந்தால் மாத்திரம் வந்ததன்று. நோயாளர் ஒவ்வொருவரையும் தேடி, எங்கே நோயுற்றார், எவருடன் இருந்தார் என வினவி, விடாது எண்ணியமையாலும் வந்தது. சான்றளித்த பின்னும் பிற நாடுகளிலிருந்து நோயோடு வருவோர் ஆண்டுதோறும் காணப்பட்டனர். 'மலேரியா அற்ற நாட்டில் மலேரியா நோயாளர்' எனத் தலைப்பொன்றைக் கண்டால், அவர் நோயுற்றது எங்கே என்று கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்குரிய விடை அச்சத்தையும் நீக்கும், அசட்டையையும் நீக்கும். 17 என்னும் எண் கற்பித்த பாடத்தை இம்முறை நாடு மறவாதிருந்தது. எண் சிறுத்தபோது காவல் தளரவில்லை.

அளவை நூலார் காட்சியின் குற்றங்களாக ஐயத்தையும் திரிபையும் கூறுவர். கயிறோ பாம்போ எனத் தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பெனவே துணிந்துவிடுவது திரிபு. ஐயுற்றவன் விளக்கைக் கொண்டுவந்து பார்ப்பான், திரிபுற்றவன் பார்க்கமாட்டான். செய்தித்தாள் எண்களைப் பொறுத்தவரை நாம் அஞ்ச வேண்டியது ஐயத்துக்கன்று, திரிபுக்கே. ஆசிரியர்கள் வாரத்துக்கு ஒரு செய்தியை வகுப்பிற் கொண்டுவந்து, எது எண்ணப்பட்டது, எத்தனையில் எத்தனை, எவ்வகைச் சராசரி, வேகமா நிலையா, விடுபட்டோர் யாவர், காரணம் உறுதியா என்னும் ஆறு வினாக்களையும் மாணவரைக் கொண்டு எழுப்புவிப்பார்களாயின், கணித பாடமும் குடியியற் பாடமும் ஒரே வேளையில் நடந்தேறும். மாணவர்க்கு வேண்டிய கருவிகள் செய்தித்தாள் ஒன்றும் பென்சில் ஒன்றுமே. வினாவோடு எண்ணைப் பெறுபவன் ஏமாறான். பிறரை ஏமாற்றவும் துணியான்.